தண்ணீருக்குப் பயந்து நோன்பு பிடித்த நான்

எனக்குச் சலம் போகவில்லை, சிறுநீர் அடைத்துக்கொண்டது. இதைத்தான் சொல்ல வந்தேன், முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். இல்லாவிட்டால் சுற்றி வளைத்து வேறு எங்கேயாவது போய்விடுவேன். கலியாண வீட்டில் ஒரு சஹன் தட்டைச் சுற்றி ஆறு பேர் முழங்கால் முட்ட இருந்து சாப்பிடுகிறோம். சீனி வருத்தம் பற்றிக் கதைப்போம், பிரஷர் பற்றிக் கதைப்போம், யாருக்கு நெஞ்சில் அடைப்பு, யார் எந்த டொக்டரிடம் போனார் என்றெல்லாம் கதைப்போம். சலம் அடைத்துக்கொண்ட ஒருவன் அந்த ஆறு பேரில் இருந்தால் அவன் மட்டும் வாயைத் திறக்கமாட்டான். நானும் திறக்கவில்லை. ஆனால் அல்லாஹ் எனக்குச் செய்த உதவியைச் சொல்ல வேண்டுமென்றால், அந்த உதவி எந்த இடத்துக்கு வந்தது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். முகம் சுளிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் உதுமாலெப்பை. கிழக்கிலங்கையில் நற்பிட்டிமுனையில் கலியாணம் முடித்து, எங்கள் பக்கத்து வழக்கப்படி மனைவியின் வீட்டில் இருக்கிறேன். வயல் இறக்காமத்தில். பெரும்போக அறுவடை முடிந்து நெல் மூட்டைகளை ட்ரெக்டர் பெட்டியில் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு மஃரிப், பொழுது சாயும் நேரம். நான் பெட்டியில் மூட்டைகளுக்கு மேல் நிற்கிறேன். குளத்துப் பக்கமாக யானை இறங்கிவிட்டது என்று கத்தினார்கள். எத்தனை யானை, எந்தப் பக்கம், ஒன்றும் பார்க்கவில்லை. குதித்தேன். குதித்த கால் வழுக்கி, இரண்டு காலும் இரண்டு பக்கம் போக, பெட்டியின் இரும்பு விளிம்பில் கவட்டோடு விழுந்தேன். அந்த நோவை எழுத என்னால் ஏலாது. யானை எங்களைத் திரும்பியும் பார்க்காமல் அடுத்த வயல் வட்டைக்குள் போய்விட்டது.

உடுத்திருந்த சாரன் முழுக்க ரத்தம். ஆசுபத்திரியில் குழாய் போட்டார்கள், சில கிழமை கழித்துக் கழற்றினார்கள், சலம் நன்றாகவே போனது. பார்க்க வந்த எல்லோரும், "யானைக்கிட்ட இருந்து அல்லாஹ் காப்பாத்தினான்" என்றார்கள். மாமி ஆடு அறுத்து, சோறாக்கி அயலுக்கெல்லாம் கொடுத்தார். நானும் ஓம் ஓம் என்று சிரித்துக்கொண்டிருந்தேன். உள்ளே காயம் ஆறிய இடத்தில் தசை தடித்து, சலம் வரும் வழி கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டு வந்தது எனக்குத் தெரியாது.

அடுத்த விதைப்புக் காலத்தில் தெரிந்தது. சலம் நூல் மாதிரி வந்தது. பிறகு அந்த நூலும் அறுந்து அறுந்து வந்தது. முக்க வேண்டும், நிறுத்த வேண்டும், மறுபடி முக்க வேண்டும். எங்கள் வீட்டில் கக்கூஸ் ஒன்றுதான். விடியச் சுபஹுத் தொழுகைக்கு நான் உள்ளே போனால் மாமி வாளியோடு வெளியே நிற்பார். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கதவைத் தட்டிவிட்டார். "மருமகன், உள்ளுக்குத் தூங்கிட்டீங்களா?" என்று கேட்டார். பகிடியாகத்தான் கேட்டார். நான் உள்ளே சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

எனக்கு நோவைவிடப் பெரிய பிரச்சினை ஒன்று இருந்தது. முஸ்லிம்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. கழுவி, தொழுகைக்காகக் கை கால் முகம் சுத்தம் செய்யும் ஒளு எடுத்து, பள்ளிவாசலுக்குப் போய் ஸஃப் வரிசையில் நிற்பேன். ருகூஉக்குக் குனியும்போது ஒரு சொட்டு இறங்கும். நிலத்தில் நெற்றி வைக்கும் சுஜூதில் இன்னொன்று. அவ்வளவுதான், ஒளு போய்விட்டது, சாரன் நஜீஸ், அசுத்தம். தொழுகையை முறித்துக்கொண்டு வெளியே வரவும் வெட்கம், அப்படியே தொழவும் பயம். ஆரம்பத்தில் வீட்டுக்கு ஓடிவந்து, கழுவி, சாரன் மாற்றி, மறுபடி ஒளு எடுத்துத் தொழுதேன். அந்தத் தொழுகையிலும் சொட்டியது. ஒரு நேரத் தொழுகைக்கு மூன்று சாரன் மாற்றிய நாளும் உண்டு. பரீதா, என் மனைவி, கொடியில் தொங்கும் சாரன்களைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

கிளினிக்குக்குப் போனேன். கம்பி விட்டு வழியைப் பெருப்பித்தார்கள். கொஞ்ச நாள் சுகம், மறுகா அதே கதை. பிறகு குழாய்க் கமரா விட்டு உள்ளே வெட்டினார்கள். அதுவும் கொஞ்ச நாள்தான். ஒவ்வொரு முறையும் டொக்டர் ஒன்றையே சொன்னார்: "தண்ணி நல்லா குடிங்க." நான் தலையை ஆட்டிவிட்டு வந்து தண்ணீரைத் தொடமாட்டேன். குடித்தால் போக வேண்டும். போனால் சுவரைப் பிடிக்க வேண்டும்.

அப்போதுதான் அந்தப் புத்தி வந்தது. ரமழான் நோன்பு வந்தது. பகல் முழுக்கத் தண்ணீர் இல்லை, ஆகவே சலமும் இல்லை. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பள்ளிக்குப் போனேன், சொட்டவில்லை. ஒரு தொழுகையைச் சந்தேகமில்லாமல் தொழுது எத்தனை காலம்! ரமழான் முடிந்ததும் ஆறு நோன்பு பிடித்தேன். பிறகு திங்கள், வியாழன். பிறகு அதற்கு இடையிலும். நோன்பு திறக்கும்போது ஒரு ஈத்தம்பழமும் அரைக் கோப்பைக் கஞ்சியும். தண்ணீருக்குப் பயந்து ஒளித்துக்கொள்ள எனக்கு ஓர் இடம் கிடைத்துவிட்டது. அந்த இடத்துக்கு நோன்பு என்று நல்ல பெயரும் இருந்தது.

ஊர் வேறு மாதிரிப் பார்த்தது. மெலிந்து, கண் உள்ளே போய், உதடு காய்ந்து நான் நடந்து போவதைப் பார்த்து, மாஷா அல்லாஹ் என்றார்கள். முன்பு என்னோடு வயல் வரம்பில் நின்று கெட்ட பகிடி விட்டவர்கள்கூட என்னைக் கண்டால் பீடியை மறைத்தார்கள். எங்கள் வம்சக் குடியின் சார்பில் பள்ளியை நிர்வகிக்கும் அடுத்த மரைக்காராக என்னைப் போட வேண்டும் என்று பள்ளியில் கதை வந்தது. நான் வேண்டாம் என்றேன். அதையும் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டார்கள். என்ன செய்ய?

ஒரு நாள் அயல்வீட்டு சுலைஹா ராத்தா ஒரு போத்தல் தண்ணீரோடு வந்தார். அவருடைய புருஷனுக்குக் காய்ச்சல் விடவில்லையாம்.

"தம்பி, ஒரு பாத்திஹா ஓதி இதுக்குள்ள ஊதித் தாங்க. நோன்பு பிடிச்ச வாய்."

"ராத்தா, மௌலவிக்கிட்டக் குடுங்க. நான் ஆரு?"

"அவருக்குச் சம்பளம். நீங்க அல்லாஹ்வுக்காகப் பிடிக்கிறீங்க. ஊதுங்க தம்பி, எனக்காகச் செய்ங்க."

சாரனுக்குள் மடித்து வைத்திருந்த துணி நனைந்திருந்தது. எழுந்து போகவும் முடியவில்லை. அந்த மனிசி போத்தலை நீட்டிக்கொண்டே நின்றார். ஓதினேன், ஊதினேன், கொடுத்தேன். அவர் போத்தலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. அன்று இரவு இஷாத் தொழுகைக்குப் பள்ளிக்குப் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. இந்த உடம்போடு அல்லாஹ்வின் வீட்டுக்குள் கால் வைக்க எனக்கு என்ன தகுதி என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் வயலுக்குப் போய்க் காவல் வாடியில் தனியே இருந்தேன். தூரத்தில் பாங்கு கேட்டது. யா அல்லாஹ், என்னைக் கூப்பிடாதே என்று சொன்னேன். அப்படி ஒரு வார்த்தை என் வாயில் வந்தது. அல்லாஹ் மன்னிக்க வேண்டும்.

பிறகு ஒரு வியாழக்கிழமை, அஸருக்குப் பிறகு, நோன்போடு முற்றத்தில் விழுந்தேன். குளிர், நடுக்கம், முதுகின் இரண்டு பக்கமும் வெட்டிப்போடுகிற நோவு. அடிவயிறு கல்லாக வீங்கியிருந்தது. ஒரு சொட்டும் வரவில்லை. பரீதா ஒரு கரண்டி தண்ணீரை என் வாயில் வைத்தாள். நோன்பு, நோன்பு என்று தலையை ஆட்டினேன். அவள் என் தாடையைப் பிடித்துத் திறந்து ஊற்றினாள். ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள்.

ஆசுபத்திரியில் கீழே குழாய் விட்டுப் பார்த்தார்கள், போகவில்லை. வழி மூடியே போய்விட்டது. அடிவயிற்றில் துளை போட்டு நேரே சலப்பைக்குள் குழாய் இறக்கினார்கள். பையில் வந்தது சலமில்லை, சீழும் ரத்தமும். இரண்டு சிறுநீரகமும் வீங்கியிருக்கிறது என்றார்கள். டொக்டர் கோபமாகக் கேட்டார்: "இவ்வளவு நாளும் தண்ணி குடிக்காம என்ன செஞ்சீங்க?" பரீதா என்னைப் பார்த்தாள். அவளே, "நோன்பு பிடிச்சார் சேர்" என்றாள். அந்த டொக்டர் பேனையை மேசையில் வைத்துவிட்டார்.

கண்டியில் இதற்கென்றே ஒரு பெரிய டொக்டர் இருக்கிறார், அவரிடம் அனுப்புகிறோம் என்றார்கள். அவர் ஸ்கேனையெல்லாம் பார்த்துவிட்டு, முதலில் கிருமி போக வேண்டும், உள்காயம் ஆற வேண்டும், சில மாதம் வயிற்றுக் குழாயோடு இருங்கள், பிறகு ஒப்பரேசன் என்றார். அப்படியே பையும் கையுமாக ஊருக்கு வந்தேன்.

அந்த மாதங்களை நினைக்க எனக்கு இப்போதும் பிடிப்பதில்லை. சாரனுக்குள்ளால் குழாய் வந்து தொடையோடு கட்டிய பையில் முடிகிறது. நடந்தால் சத்தம் கேட்கிறது. எனக்கே என் மணம் அடிக்கிறது. முன்பு சொட்டுக் கணக்கில் இருந்த நஜீஸை இப்போது பை நிறையத் தூக்கிக்கொண்டு திரிகிறேன். தொழுகையை விட்டுவிட்டேன். ஒரேயடியாக விட்டேன். பாங்கு கேட்டால் தலையணையைக் காதில் வைத்துக்கொள்வேன். வயலுக்கு மச்சான் போனார். ஆட்கள் பார்க்க வந்தால் தூங்குவதுபோல் கிடந்தேன். ஒரு நாள், இப்படிக் கிடப்பதைவிட அந்த யானையே மிதித்திருக்கலாம் என்று பரீதாவிடம் சொன்னேன்.

அவள் பையைக் கழற்றிக் கழுவிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"ஏன் தொழுறீங்க இல்ல?" என்று கேட்டாள்.

"என்ன விசர்க் கதை கதைக்கிறாய்? இதக் கட்டிக்கிட்டு எப்பிடித் தொழுற?"

"நான் தொழுதன்."

"நீ என்னத்தக் கட்டிக்கிட்டுத் தொழுத?"

அப்போதுதான் சொன்னாள். எங்கள் மூன்றாவது பிள்ளை வயிற்றிலேயே கலைந்துபோனது எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் அவளுக்கு ரத்தம் நிற்கவில்லை என்பது தெரியாது. கிளினிக்குக்கு மாமியோடு போய் மருந்து எடுத்திருக்கிறாள். அது பெண்களுடைய விஷயம், என் காதுக்கு வரவில்லை.

"மாசாமாசம் வாற ஹைளு வேற, நோய் ரத்தம் வேற. ஹைளுக்குத் தொழுகையில்ல. நோய் ரத்தத்துக்குத் தொழுகைய விடேலா. பொம்புளைங்கட மத்ரஸாவுல ஆலிமா சொல்லித் தந்தாங்க. தொழுகை வக்து வந்ததும் கழுவி, துணியக் கட்டி, ஒளு எடுத்து, சுறுக்காத் தொழணும். நடுவுல வந்தாலும் பரவால்ல. அல்லாஹ் எடுத்துக்குவான். ஒவ்வொரு வக்துக்கும் அப்பிடித்தான். சலம் நிக்காத ஆக்களுக்கும் அதே சட்டந்தான். ஊர்ல இரிக்கிற பொம்புளையெல்லாத்துக்கும் தெரியும். ஆம்புளைங்களுக்கு இது தெரியாதா?"

எனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் பள்ளியில் பயான் கேட்டவன் நான். ஒரு நாளும் நான் யாரிடமும் இதைக் கேட்டதில்லை, கேட்டிருந்தால்தானே யாராவது சொல்லியிருப்பார்கள். கழுவிய பையை என் தொடையில் கட்டிவிட்டு அவள் சொன்னாள்: "எழும்புங்க. அஸர் வக்து போகுது. நீங்க அல்லாஹ்வுக்கு வெட்கப்படுறீங்க. அவனுக்கு உங்களப் பாத்து வெட்கமில்ல."

எழும்பினேன். கழுவினேன். ஒளு எடுத்தேன். அறை மூலையில் பாயைப் போட்டு, பையோடு, குழாயோடு, மணத்தோடு தக்பீர் கட்டினேன். சுஜூதுக்குப் போனதும் பை தொடையில் கலகலத்தது. அப்படியே கிடந்து அழுதேன். "யா அல்லாஹ், இப்பிடியே நான் வாறன். ஏத்துக்கிறதெண்டா ஏத்துக்க. ஒரேயொரு தரம், என்ட வழியால சலம் போய், நான் சுத்தமா ஸஃப்புல நிக்கணும். ஒரேயொரு நேரம் தந்தாலும் போதும்" என்று கேட்டேன். அந்த நாளிலிருந்து ஒவ்வொரு வக்திலும் இதையேதான் கேட்டேன். அலங்காரமான துஆ ஒன்றும் எனக்கு வராது.

அடுத்த நாள் மௌலவியிடம் ஆளனுப்பிக் கேட்டேன். பரீதா சொன்னது சரிதான் என்றார். நோயாளியை நோன்பு பிடிக்கச் சொல்லி யார் சொன்னது என்றும் கேட்டு அனுப்பியிருந்தார். நான் தண்ணீர் குடிக்கத் தொடங்கினேன். பை நிறைவதைப் பார்த்துப் பயந்து பயந்துதான் குடித்தேன். ஆனாலும் குடித்தேன்.

ஒப்பரேசன் திகதி வந்தது. கண்டி வாட்டில் பெரிய டொக்டர் என்னிடம் முதலில் சொன்னது, "வாயத் திறங்க" என்பதுதான். நான் திகைத்துப்போனேன். நோய் எங்கே, இவர் பார்க்கிற இடம் எங்கே! தமிழ் தெரிந்த நர்ஸ் மிஸ்ஸி ஒருவர் விளங்கப்படுத்தினார். சுருங்கிய இடத்தைத் திறந்து, கன்னத்தின் உட்பக்கத்துத் தோலில் ஒரு கீற்று வெட்டியெடுத்து அங்கே வைத்துத் தைப்பார்களாம். அந்தத் தோலில் மயிர் வளராது, எப்போதும் ஈரத்திலேயே இருந்து பழகியது, சலம் பட்டாலும் தாங்கும், எடுத்த இடமும் கெதியாக ஆறிவிடும் என்றார். ஆனால் வாய் நல்ல வாயாக இருக்க வேண்டும்.

என்னுடையது வயல்காரன் வாய். பொயிலையோடு வெற்றிலை போட்டுப் போட்டு வளர்ந்த வாய். டொக்டர் லைட்டை அடித்து விரலால் தடவிப் பார்த்தார். வலது கன்னம் வெளுத்து, விறைத்துப் போயிருக்கிறது, ஆகாது என்றார். நான் எப்போதும் வலது பக்கம்தான் வெற்றிலையை அடக்குவேன். பிறகு இடது பக்கம் பார்த்தார். "இந்தப் பக்கம் ஹொந்தாய், நல்லம்" என்று சிங்களமும் தமிழும் கலந்து சொன்னார். இடது பக்கம் ஒரு சூத்தைப் பல் இருந்தது, நொந்துவிடும் என்று அந்தப் பக்கம் வெற்றிலை வைக்காமல் விட்டிருந்தேன். அந்தப் பல்லை எத்தனை தரம் ஏசியிருப்பேன்! அல்லாஹ் எதைக்கொண்டு எதைக் காப்பாற்றுகிறான் பாருங்கள்.

பக்கத்துக் கட்டிலில் திருக்கோவில் ஊர்க்காரர் யோகராசா. என்னைப்போலவே வயல்காரர், மோட்டார் சைக்கிள் விழுந்து இடுப்பு உடைந்து வழி அடைத்தவர். அவருக்கும் வயிற்றுக் குழாய், அவருக்கும் பை. மனைவி உயிரோடில்லை, மௌத்தாகிவிட்டார், ஒரே மகள் வெளிநாட்டில், கூட இருக்க ஆளில்லை. எனக்கென்று பரீதா கட்டித் தந்த சோற்றை இருவரும் பிரித்துச் சாப்பிட்டோம். என்னை அண்ணன் முறையில் காக்கா என்பார். நான் கட்டிலில் இருந்து தொழும்போது ரேடியோவை நிறுத்திவிடுவார். இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி வெற்றிலை அடக்கும் பழக்கம் அவருக்கு. அவருடைய இரண்டு கன்னமும் ஆகாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். நாக்குக்குக் கீழே இருந்து எடுத்துப் பார்ப்போம் என்றார்கள்.

"காக்கா, ரெண்டு பக்கத்துக்கும் நியாயமா நடந்தன், அதுதான் வந்த வினை" என்று சிரித்தார். சிரித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஒரே கிழமையில் இருவருக்கும் ஒப்பரேசன். தியேட்டருக்குள் போகும்போது நான் கலிமாவைச் சொல்லிக்கொண்டே போனேன். விழிப்பு வந்தபோது கீழே நெருப்பு, வாய்க்குள் நெருப்பு. வாயைத் திறக்க முடியாது, கதைக்க முடியாது, கஞ்சித் தண்ணீரை ஸ்ட்ரோவால் உறிஞ்ச வேண்டும். ஓதலாம் என்றால் நாக்குக் கன்னத்துத் தையலில் போய் முட்டும். மனதுக்குள் ஓதினேன். பக்கத்தில் யோகராசாவின் நாக்கு வீங்கி, அவராலும் கதைக்க முடியவில்லை. வயது போன இரண்டு பேரும் கையால் ஜாடை காட்டிக்கொண்டு கிடந்தோம்.

கீழே போட்ட குழாய் சில கிழமை இருந்தது. பிறகு சாயம் விட்டு எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒழுகவில்லை, கழற்றலாம் என்றார்கள். வயிற்றுக் குழாயை அடைத்துவிட்டு, கீழே இருந்ததை இழுத்ததும் டொக்டர் சொன்னார்: "இப்ப தண்ணி குடிங்க. சலம் முட்டினதும் போங்க."

தண்ணீர்! பரீதா போத்தலை நீட்டினாள். குடித்தேன். மறுபடி குடித்தேன். வயிறு கனத்தது, சலம் முட்டியது. எழும்ப எனக்கு மனமில்லை. போய் நின்று வராவிட்டால்? இவ்வளவும் பட்டு, வெட்டி, தைத்து, பழையபடி சுவரைப் பிடித்து நின்றால்? பரீதாதான், "பிஸ்மி சொல்லிப் போங்க" என்று தோளைத் தள்ளினாள்.

கதவைச் சாத்தினேன். பழக்கத்தில் கை சுவருக்குப் போனது. முக்கவில்லை. தானாக வந்தது. சகோதரர்களே, தானாக வந்தது! முழுசாக, அறாமல், சத்தத்தோடு வந்தது. நான் வாய்விட்டு அழுதேன், கன்னத்துத் தையல் தழும்பு இழுத்து நொந்தது, அதற்கும் அழுதேன். கக்கூசிலிருந்து வெளியே வரும்போது நாம் சிறு வயதிலிருந்து ஓதுகிற துஆ இருக்கிறதே, என்னை விட்டுத் துன்பத்தைப் போக்கி எனக்குச் சுகம் தந்தவனுக்கே புகழ் என்று. வாசல்படியில் நின்று அதை ஓதினேன். வாழ்நாளில் முதல் தடவையாக அதன் கருத்து விளங்கி ஓதினேன்.

அல்ஹம்துலில்லாஹ் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே வாட்டுக்குள் வந்தேன். யோகராசா கட்டிலில் இருந்தார். அன்று காலையில் அவருக்கும் எக்ஸ்ரே எடுத்திருந்தார்கள். வைத்த தோல் பிடிக்கவில்லை. வழி பழையபடி மூடிக்கொண்டது. வயிற்றுக் குழாயோடு வீட்டுக்குப் போகச் சொல்லியிருந்தார்கள். மடியில் அந்தப் பை இருந்தது.

என் வாயிலிருந்த வார்த்தை அப்படியே நின்றுவிட்டது. அவர்தான் கதைத்தார்.

"போயிட்டுதா காக்கா?"

"ஓம் தம்பி."

"நல்லாப் போச்சுதா?"

"ஓம்."

"நல்லம், நல்லம். நானும் முருகனிட்டக் கேட்டுக்கிட்டுத்தான் கிடந்தன்." மடியிலிருந்த பையைத் தொட்டுப் பார்த்தார். "எனக்கு இன்னும் நேரம் வரல்லப்போல."

அவர் கண் நிறைந்துவிட்டது. என்னுடைய கண்ணும்தான். நான் அவர் பக்கத்தில் போய் இருந்தேன். மதியம் ளுஹர் தொழுகை நேரம் வந்தது. நான் ஒளு எடுத்தேன், வாட்டின் மூலையில் நின்று தொழுதேன். சொட்டவில்லை. சந்தேகமில்லாத தொழுகை. நான் கேட்ட அந்த ஒரு நேரம் அதுதான், அல்லாஹ் தந்துவிட்டான். அதில் நான் சந்தோஷப்பட்டேனா என்று கேட்டால், சுஜூதில் என்னால் யோகராசாவை மறக்க முடியவில்லை.

வயிற்றுக் குழாயையும் கழற்றிய பிறகு ஊருக்கு வந்து பள்ளிக்குப் போனேன். தோளோடு தோள் முட்டி ஸஃப்பில் நின்றேன். ஆட்கள் ஸலாம் சொல்லி, நோன்பெல்லாம் எப்படி என்றார்கள். அன்றுதான் சொன்னேன். நோன்பு இல்லை, நோய் என்று சொன்னேன். சலம் அடைத்தது, பயத்தில் பிடித்தேன், சிறுநீரகம் கெட்டது என்று, ஜும்ஆ முடிந்து நின்றவர்கள் எல்லோரும் கேட்கச் சொன்னேன். சிலர் சிரித்தார்கள். சிலருக்குப் பிடிக்கவில்லை, பள்ளி முற்றத்தில் இதையெல்லாமா கதைப்பது என்றார்கள். கதைத்தால் என்ன? கதைக்காமல் இருந்துதானே செத்துப்போகப் பார்த்தேன்.

நான் பூரண சுகம் என்று சொல்லமாட்டேன். ஒரு சிறுநீரகம் பாதிதான் வேலை செய்கிறது. வழி மறுபடி சுருங்கலாம், ஒவ்வொரு கிளினிக்கிலும் சலம் போகும் வேகம் பார்க்கிறார்கள். சில காலையில் கொஞ்சம் மெதுவாக வந்தால் நெஞ்சு திக்கென்கிறது. வெற்றிலையை விட்டுவிட்டேன். தண்ணீர் குடிக்கிறேன். மறுபடி அடைத்தாலும் தொழுகையை விடமாட்டேன். கழுவிக் கட்டிக்கொண்டு நிற்கத் தெரியும், பரீதா சொல்லித் தந்திருக்கிறாள்.

இதை வாசிக்கிற யாருக்காவது இந்த நோய் இருந்தால், அல்லாஹ்வுக்கு முன்னால் வர வெட்கப்படாதீர்கள். இருக்கிற கோலத்தோடு வாருங்கள், கேளுங்கள். கேட்டுவிட்டு டொக்டரிடம் போங்கள். தண்ணீர் குடியுங்கள். அவன் தருவான் என்று நான் முழு மனதோடு சொல்கிறேன். எப்போது தருவான் என்று எனக்குத் தெரியாது. என்னைவிட நல்ல மனிசன் ஒருவர் இன்னும் பையோடு இருக்கிறார்.

அவருக்கு இரண்டாவது ஒப்பரேசனுக்குத் திகதி கிடைத்திருக்கிறது. வருகிற மாதம். கூட இருக்க ஆளில்லாததால் நான் போகிறேன். நேற்றுப் போனில் கோல் எடுத்தார். "காக்கா, நான் கேட்டுக் களைச்சிட்டன். உங்கட ஆக்களையும் கொஞ்சம் கேக்கச் சொல்லுங்க" என்றார். சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவர் பெயர் யோகராசா, ஊர் திருக்கோவில். துஆவுக்குக் கை ஏந்தும்போது பெயரைச் சொல்லியே கேளுங்கள். அந்த மனிதனுக்குச் சலம் போக வேண்டும்.